கடலூர்ப் பக்கம் பெண்கள் பள்ளியில் படித்தவர்களே, உங்களை விடாமல் இழுத்துப் பிடித்த டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்துக்காரி:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். 2011-12இல் பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் பத்தாவது படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது ஆகஸ்ட் 9ஆம் தேதி. அதுவரை பாடப்புத்தகம் இல்லாமல் போனோம், வந்தோம். சரி, புத்தகம் வந்துவிட்டது, இனிப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல். ஏப்ரலில் பொதுத்தேர்வு.

காலாண்டில் எனக்குக் கணக்கில் 11. நூற்றுக்குத்தான்.

எங்கள் கணக்கு டீச்சர் பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். பேர், போன தடவை, இந்தத் தடவை என்று மூன்றே கட்டம். ரேங்க் என்று ஒரு கட்டம் கிடையாது. யார் அதிகம் ஏறியிருக்கிறார்களோ அவர்கள் பெயரைத் திங்கட்கிழமை பிரேயரில் வாசிப்பார். அடுத்த தேர்வில் நான் 19 வாங்கினேன். மைக்கில் என் பெயரைச் சொல்லி, "பதினொண்ணுல இருந்து பத்தொம்பது, எல்லாரும் கைதட்டுங்க" என்றார். பிளஸ் டூ வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம். எனக்குக் காது இரண்டும் சுட்டது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. "இனிமே மைக்ல சொல்லல. நோட்டுல மட்டும் எழுதிக்கிறேன், போதுமா?" என்றார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் பேச்சு. பாராட்டுவதாக நினைத்துக் கூட்டத்தில் நிறுத்திவிட்டோமே என்று அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பெரியவர்கள் தப்பைத் திருத்திக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, என் கணக்கு நோட்டு நனைந்து பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜனவரியில் பள்ளி விட்டதும் வராந்தாவில், வெளிச்சம் இருக்கிற வரைக்கும், எங்கள் ஏழு பேருக்குத் தனி வகுப்பு. டீச்சருடைய கணக்கு எளிமையானது. "பாஸுக்கு 35 வேணும். வடிவியல் 10, கிராஃப் 10. இருபது உன் கையிலயே இருக்கு. மிச்சம் பதினஞ்சுக்கு அப்புறம் அழு."

தினமும் ஒரு தொடுகோடு. என் காம்பஸ் லூசு. பாதி வட்டம் போவதற்குள் கால் விரிந்து, தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. டீச்சர் கைப்பையைத் துழாவி ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து, நாலாக மடித்து, திருகு இருக்கும் இடத்தில் செருகிக் கொடுத்தார். கச்சிதமாக நின்றது! O மையம், 3 செ.மீ. ஆரம், 7 செ.மீ. தள்ளி P. OPக்கு மையக்குத்துக்கோடு, அந்த நடுப்புள்ளியிலிருந்து இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் வெட்டுகிற இடத்துக்கு Pயிலிருந்து கோடு. உதவிப்படம் போடாமல் நேராக வரையப் போனால் விரலில் ஸ்கேலால் ஒரு தட்டு. கடைசியில் அளந்து பார்த்தால் 6.3 வர வேண்டும். வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்.

பொதுத்தேர்வில் 46. பிளஸ் ஒன்னுக்கு அதே பள்ளி. டீச்சர் நோட்டை விரித்து, மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதை மைக்ல சொல்லட்டுமா?"

சொல்லுங்க என்றேன்.

இப்போது ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். காலாண்டு பேப்பரை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

முதுநகர் அம்மா:

நான் அதிகம் படிக்கவில்லை, மகள் கதையைச் சொல்கிறேன். 2023இல் பிளஸ் டூ, வேதியியலில் போய்விட்டது. ரிசல்ட் மெசேஜ் வந்த அரை மணி நேரத்தில் என் நாத்தனார் மாப்பிள்ளை ஜாதகம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள் பிறந்த ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிற ஊர்தான் இது. ஒரு பாடம் போனால் பெண்ணுக்குக் கல்யாணம்தான் பேசுகிறார்கள்.

அன்று சாயந்திரமே வகுப்பு டீச்சர் போன் செய்தார். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "துணைத்தேர்வுக்கு அப்ளிகேஷன் போடணும், நாளைக்குக் காலைல ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றார். துறைமுகத்தில் மீன் எடுக்கப் போகிற வழியில் நானே கொண்டுபோய் விட்டேன். அந்த வருஷமே எழுதி, பாஸாகி, கல்லூரியிலும் சேர்ந்தாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. முதல் மாதப் பணத்தில் அவள் அத்தைக்குப் புடவை வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

ஓய்வு பெற்ற டீச்சர்:

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். நான் எழுதப்போவது வேறு மாதிரி.

2017இலிருந்து மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஆனாலும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' பிளெக்ஸ் நிற்கவில்லை. நூறு எப்படி வருகிறது என்று வெளியே அவ்வளவாகப் பேச மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், அரையாண்டு முடிந்ததும் பத்தாவதில் பெயிலாகக்கூடிய பிள்ளைகள் பட்டியல் வரும். பெற்றோரைக் கூப்பிட்டு, "தனித்தேர்வரா எழுதிக்கட்டுமே, இங்கிருந்தா பாப்பாவுக்குத்தான் டென்ஷன்" என்று சொல்ல வேண்டும். டி.சி. கையில் தயாராக இருக்கும்.

ஒரு பெண்ணின் அப்பாவிடம் அதைச் சொன்னது நான். அவர் கைகூப்பி, "நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர்" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷம் நூறு சதவீதம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

அவள் இப்போது திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்கிறாள். தேர்வு எழுதவே இல்லை. என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "டீச்சர்" என்கிறாள். எத்தனை முழம் கேட்டாலும் அரை முழம் சேர்த்தே கொடுக்கிறாள். அந்த மஞ்சக்குப்பத்து டீச்சரின் நோட்டு என்னிடம் இருந்திருந்தால் இவளுக்கு எந்த எண்ணை எழுதியிருப்பேன் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்துக்காரி:

டீச்சர், வணக்கம். பத்தாவதைத் தனித்தேர்வராக இப்போதும் எழுதலாம். எங்கள் கடையில் மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் எழுதினார். அறிவிப்பு வந்ததும் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவியல் செய்முறைக்கு முதலிலேயே பதிய வேண்டும், அதை விட்டுவிட்டுத்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த தடவை பூ வாங்கும்போது அந்த அக்காவைக் கேட்டுப் பாருங்கள். எழுதுகிறேன் என்றால் கணக்கு நான் சொல்லித் தருகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு.