போனில் அம்மா கேட்ட குழம்புச் சத்தம்: நீங்கள் குழம்பு வைக்கப் பழகிய அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேலைக்காகப் புனே வந்த இரண்டாவது மாதத்திலேயே மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், அடி கனமான சட்டி ஒன்று வாங்கிச் சமைக்க ஆரம்பித்தேன். முதலில் ஆசைப்பட்டது அம்மா வைக்கும் கத்தரிக்காய் புளிக்குழம்புக்குத்தான். எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம்.

அம்மாவிடம் அளவு கேட்டு எழுதிக்கொண்டேன். எலுமிச்சை அளவு புளி, இரண்டு குழிக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு தக்காளி, இரண்டு ஸ்பூன் குழம்புத்தூள். மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மூன்று தடவையும் அதே குறைதான். பார்க்கக் குழம்பு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் புளி தனியாக, தூள் தனியாக நாக்கில் ஏறும். ஒரு தடவை உப்பைக் கூட்டினேன், அடுத்த தடவை வெல்லம் போட்டேன். எதுவும் கைகொடுக்கவில்லை.

நான்காவது ஞாயிறு அம்மா, "போனச் சட்டி கிட்டக்க பிடிப்பா" என்றார். பிடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இன்னும் தண்ணிதான் கொதிக்குது. சலசலன்னு கேக்குது பாரு. பொத்துப் பொத்துன்னு கனமாக் கேக்கணும். தீயக் கொற, மூடியப் போடாத" என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். "இன்னும் இல்ல." மூன்றாம் தடவை கேட்டபோது சட்டியின் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் வளையம் கட்டியிருந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே, "வந்துருச்சு, எறக்கிரு" என்றார். அறுநூறு மைலுக்கு அப்பால் இருந்து காதாலேயே பதம் பார்த்த அம்மாவை நினைத்துக்கொண்டு அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்னொரு தவறும் அன்றுதான் தெரிந்தது. தக்காளி குழைவதற்குள் தூளைப் போட்டு, உடனே புளித்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். மிளகாயின் காரமும் நிறமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். தக்காளியின் ஈரம் வற்றி, தூள் எண்ணெயில் ஒரு நிமிடம் புரண்ட பிறகுதான் புளி ஊற்ற வேண்டும். அதிக நேரம் விட்டால் தூள் கருகிவிடும், அதனால் அந்த ஒரு நிமிடம் சட்டியை விட்டு நகரக்கூடாது. கத்தரிக்காயும் அதற்கு முன்பே எண்ணெயில் முக்கால்வாசி வதங்கியிருக்க வேண்டும். புளி சேர்ந்துவிட்டால் காய் வேக நேரம் எடுக்கும்.

உங்களுக்கு எந்தக் குழம்பு, எந்த இடத்தில் பிடிபட்டது?

*

நான் மதுரை, வாழ்க்கைப்பட்டது திருநெல்வேலி. எனக்குச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு.

இங்கே கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைப்பார்கள், மாப்பிள்ளை சொதி என்றே பெயர். எங்கள் வீட்டில் தேங்காயை அரைத்துத்தான் ஊற்றுவோம், பால் எடுத்துச் சமைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதல் தடவை எடுத்த பால் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டேன். திரிந்து, எண்ணெய் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் ஆகிவிட்டது. வீட்டில் ஆள் வந்திருந்த நேரம். அழுகையே வந்துவிட்டது. அத்தை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இன்னொரு தேங்காயை உடைத்து என் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்றார்.

மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்போடு இரண்டாம் பால். கெட்டியான முதல் பால் கடைசியில், தீயைக் குறைத்த பிறகு. "நுரை கட்டி ஓரம் அசையும்லா, அப்பமே எறக்கிரணும், கொதிக்க விட்ரக்கூடாது" என்றார். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான்.

தம்பி, உங்கள் குழம்பில் எண்ணெய் பிரிந்தால் பதம். என் சொதியில் எண்ணெய் பிரிந்தால் கெட்டது. "எண்ணெய் பிரியும்வரை" என்று பொதுவாகப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே செய்யாதீர்கள்.

*

வயது அறுபத்து மூன்று. போன வருடம் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை காபி மட்டும்தான் போடத் தெரியும். சாம்பாரில் ஆரம்பித்தேன்.

துவரம்பருப்பு, முருங்கைக்காய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டேன். முருங்கைக்காய் நாராகிக் கிடந்தது, பருப்பு முழுசாக இருந்தது. படுக்கையில் இருந்தபடியே அவள், "புளியோட போட்டா பருப்பு எப்படிங்க வேகும்?" என்றாள். மறுநாள் புளி இல்லாமல் வைத்தும் சரியாக வேகவில்லை. எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர், உப்பும் கடினமும் அதிகம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, கேன் தண்ணீரில் மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைத்தேன். வெண்ணெய் மாதிரி மசிந்தது.

தாளிப்புதான் இன்றுவரை பயம். கடுகு வெடித்த பிறகு வெந்தயம் போட்டு, நிறம் மாறுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருந்து "கருகுது, கருகுது" என்று குரல் வரும். அவளுக்கு மூக்கிலேயே தெரிகிறது. கருகிய வெந்தயம் ஒரு பாத்திரம் சாம்பாரையும் கசப்பாக்கிவிடும். இப்போது அவள் நன்றாக நடக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் சாம்பார் நான்தான் வைக்கிறேன். முப்பத்தைந்து வருடம் அவள் தினமும் செய்த வேலை இது, ஒரு நாள்கூட நான் எப்படி என்று கேட்டதில்லை. அது மனதில் இருக்கிறது.

*

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட கறித்தூள் முதலே வறுத்துத்தான் இடிப்பது. மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வறுபடும். அதனால் தூளை எண்ணெயில் வதக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை, கறி கொதிக்கும்போது போட்டாலும் வாசம் வரும். எங்கட செய்முறையைப் பார்த்துவிட்டு உங்கட வறுக்காத தூளைப் போட்டால் பச்சை வாசம் அடிக்கத்தான் செய்யும். யாருடைய தூளோ அவர்களுடைய முறையையும் கேட்டு வாங்குங்கோ.

*

தொடங்கியவன்தான் மறுபடி. ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நேற்று முதல் முறையாகக் கேட்டேன். அப்பாவின் அம்மாவாம். விறகடுப்பில், மண்சட்டியில். அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது, சத்தத்தை வைத்தேதான் குழம்பு இறக்குவாராம்.

அக்கா, அடுத்த ஞாயிறு சொதி வைக்கப் போகிறேன். மிக்சி இல்லை. தேங்காயைத் துருவிக் கையால் பிழிந்தால் கெட்டிப் பால் வருமா?

*

வரும் தம்பி. துருவலில் வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் கழித்து நன்றாகக் கசக்கி, மெல்லிய துணியில் பிழியுங்கள், அதுதான் முதல் பால். கொஞ்சமாகத்தான் வரும், ஒரு தேங்காய் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.