தோல் சோபாவில் காய்ந்துபோன பெயிண்ட்: தின்னர் போடலாமா?

கேள்வி (குப்பம்):
பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மூடியிருந்த விரிப்பு விலகி, பழுப்பு நிறத் தோல் சோபாவின் கைப்பிடியில் சுவர் எமல்ஷனும், இருக்கை ஓரத்தில் ஜன்னல் கம்பிக்கு அடித்த சாம்பல் நிற எனாமலும் தெறித்துவிட்டன. இரண்டும் காய்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும் என்று பெயிண்டர் சொல்கிறார்; எனக்குத் துணிவு வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (சித்தூர்):
தின்னர் வேண்டாம், கடுமையானது. டர்பன்டைன் மென்மையானது, எனாமலுக்கு அதுவே பொருத்தம்.

பதில் (வாணியம்பாடி):
சித்தூர் நண்பர் சொல்வது ஈரமான எனாமலுக்குப் பொருந்தும். ஆனால் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. ஒரு மாதம் இறுகிய பிறகு டர்பன்டைனில் அது கரையாது, தோலிலுள்ள எண்ணெய்ப் பசைதான் போகும்.

நான் தோல் தொழிற்சாலையில் பினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவன். சோபாத் தோல்களில் பெரும்பாலானவற்றின் மேல் நீங்கள் பார்க்கும் நிறமே ஒரு வகைப் பெயிண்ட்தான்: நிறமி கலந்த பூச்சு, அதற்கு மேல் பளபளப்புக்கான மெல்லிய படலம். தின்னருக்கு எது சோபாவின் பெயிண்ட், எது சுவரின் பெயிண்ட் என்று தெரியாது. பெரும்பாலும் முதலில் கரைவது சோபாவினுடையதாகவே இருக்கும். ஆகவே கரைக்க முயலாமல், இளக வைத்துப் பெயர்த்தெடுக்கப் பாருங்கள்.

அதற்கு முன், மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். நூலிழை நெசவு தெரிந்தால் அது ரெக்சின். நார்நாராக இருந்தால் தோல். தோல் என்றால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் மேற்பூச்சு இல்லாத தோல் என்று பொருள். அதில் கை வைக்காமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

தண்ணீர் முத்தாக நின்றால், மென்மையான சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, எமல்ஷன் கறையின் மேல் சிறிது நேரம் வைத்திருங்கள். இளகிய பின் பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் படுக்கை வாட்டில் நெம்புங்கள். கத்தி, பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் கூடாது. மிச்சமிருப்பதை, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நுனி மட்டும் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுக்கலாம். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

எனாமல் சொட்டின் மேல் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் கழித்து நெம்பிப் பாருங்கள். தடித்த சொட்டுகள் சில சமயம் செதிலாகக் கழன்று வரும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. தோல்தான், தண்ணீரும் முத்தாக நின்றது. எமல்ஷன் முழுவதும் வந்துவிட்டது. எனாமலில் இரண்டு புள்ளிகள் மட்டும் அசையவில்லை. கைப்பிடி சற்று மங்கலாகத் தெரிகிறது.

பதில் (வாணியம்பாடி):
அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். தோலுக்கு நிறம் பூசுபவர் அதே பழுப்பை அவற்றின் மேல் ஒற்றி மறைத்துவிடுவார். கைப்பிடியை வெயிலில் காயவிடாமல் நிழலில் உலரவிட்டு, லெதர் கண்டிஷனர் மெல்லியதாகத் தடவுங்கள். ஷூ பாலிஷ் வேண்டாம். உட்காருபவர்களின் வேட்டியில் ஒட்டும்.