ஜப்பானின் தொடக்ககாலக் குண்டுவீச்சு விமானங்கள்: நகலா, சொந்த வேலையா?

வானோடி:
இரு உலகப் போர்களுக்கு இடையில் ஜப்பான் செய்த குண்டுவீச்சு விமானங்களை அந்நாட்டின் சொந்தச் சாதனை என்று புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யார் வரைந்தார்கள் என்று பாருங்கள். மிட்சுபிஷியின் 13ஆம் வகைக் கடற்படை விமானம், இங்கிலாந்தின் சாப்வித் நிறுவனத்திலிருந்து வந்த ஹெர்பர்ட் ஸ்மித்தின் கைவேலை. கவாசாகியின் 87ஆம் வகை கனரக விமானம் ஜெர்மனியின் டோர்னியர் தந்த வடிவம். 93ஆம் வகைக்கு மூலம் ஜெர்மன் நிறுவனமான யுங்கர்ஸின் கே-37. இதில் ஜப்பானின் சரக்கு எங்கே?

சேது:
பட்டியல் சரி நண்பரே, ஆனால் 93ஆம் வகையோடு, அதாவது 1933ஓடு நிறுத்திவிட்டீர்கள். 1935 ஜூலையில் மிட்சுபிஷியின் கா-15 என்ற முன்மாதிரி விமானம் பறந்தது. வடிவமைத்தவர் ஹோன்ஜோ கிரோ. இதுதான் பிறகு கடற்படையின் ஜி3எம் குண்டுவீச்சு விமானம் ஆனது. கடற்படை ஒப்பந்தங்கள் ஜப்பானின் கப்பல் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியிருந்தன. கரையிலிருந்தே கிளம்பி நடுக்கடலில் எதிரிக் கப்பலை அடிக்கும் விமானம் வேண்டும் என்று கடற்படைத் தளபதி யமமோட்டோ இசோரோகு விடாமல் வலியுறுத்தினார். அந்தத் தேவையே அவர்களுடையது. ஜெர்மன்காரரிடம் உலோகக் கட்டுமானம் கற்றார்கள், மறுக்கவில்லை. கற்றவன் செய்ததெல்லாம் நகலா?

வானோடி:
அப்படியானால் கி-20 என்ற கனரகக் குண்டுவீச்சு விமானத்துக்கு என்ன சொல்வீர்கள்? யுங்கர்ஸ் ஜி-38 என்ற பயணிகள் விமானத்தின் வழி வந்தது. நான்கு எஞ்சின், 44 மீட்டர் இறக்கை. தைவானிலிருந்து போய் மணிலா விரிகுடாவில் அமெரிக்கர் வசமிருந்த கொரெகிடோர் கோட்டையைத் தாக்குவது திட்டம். செய்தது ஆறே ஆறு, ஒன்றுகூடப் போருக்குப் போகவில்லை. இன்னொன்று: தாமாகவே செய்யத் தெரிந்தவர்கள் 1938இல் இத்தாலியிடம் ஃபியட் பிஆர்-20 குண்டுவீச்சு விமானத்தை ஏன் வாங்கினார்கள்?

சேது:
இரண்டுமே தரைப்படை விவகாரம். ஜப்பானில் தரைப்படையும் கடற்படையும் தனித்தனியாக விமானம் வாங்கின, ஒன்றையொன்று நம்பவும் இல்லை. ஃபியட் வாங்கியது, பழைய 93ஆம் வகை சீனப் போருக்கு உதவாது, அதற்கு மாற்றான புதிய கி-21 போதுமான அளவில் வந்து சேரவில்லை என்ற இடைவெளியை நிரப்பத்தான். தரைப்படையின் திணறலைக் கடற்படையின் கணக்கில் எழுதாதீர்கள்.

மாறன்:
நடுவில் வருகிறேன். யார் வரைந்தார்கள் என்பதைவிட, எதை விட்டுக்கொடுத்து வரைந்தார்கள் என்பது முக்கியம். 1937 ஆகஸ்ட் 14 அன்று ஜி3எம் விமானங்கள் தைபேயிலிருந்து மோசமான வானிலையில் கடல் தாண்டி, சீனாவின் ஹாங்சோவையும் குவாங்டேயையும் தாக்கின. அவ்வளவு தூரம் உடன் போய்க் காக்கும் போர் விமானம் அவர்களிடம் இல்லை. சீனரின் ஹாக் போர் விமானங்கள் அவற்றின் மீது பாய்ந்தன. சீனத் தரப்பு ஆறை வீழ்த்தியதாகச் சொன்னது, ஜப்பானியப் பதிவில் எண்ணிக்கை குறைவு. எப்படியானாலும் காரணம் ஒன்றுதான்: விமானிக்குக் கவசம் இல்லை, துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. எடையையெல்லாம் தூரத்துக்கே செலவழித்தார்கள்.

சேது:
அந்த முடிவை எந்த ஜெர்மன்காரரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாறன். 1941 டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் மலாயாக் கரைக்கு அப்பால் மூழ்கடித்ததில் இதே ஜி3எம்முக்கும் பங்கு உண்டு. இந்தோசீனாவிலிருந்து அவ்வளவு தூரம் வந்து அடித்தது, கவசத்துக்குப் பதிலாக எரிபொருளைச் சுமந்ததால்தான்.

வானோடி:
சரி, ஜி3எம் அவர்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 1937இல் எரிந்து விழுந்தவர்களின் பொறுப்பும் அவர்களுடையதே. அந்த அடிக்குப் பிறகும், அடுத்து வந்த ஜி4எம் குண்டுவீச்சு விமானத்தைப் பாதுகாப்பான தொட்டி இல்லாமலே ஏன் கட்டினார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.