முதல் அழைப்பு நமக்கு வர வேண்டாம்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களின் சங்கத்தின் சார்பில் ஊருக்கு இரண்டாவது ஆம்புலன்ஸ் வாங்கலாம் என்ற யோசனைக்குப் பலரும் ஆதரவு எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்ல மனதை மதித்தே, அதைச் சற்று நிறுத்திவைத்து, ஊரில் நான்கு மாதமாக இயங்கிவரும் அவசர உதவிக் குழுவுக்கு அந்தப் பணத்தை மாதாமாதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

போன ஐப்பசியில் ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சை அடைத்து, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. அம்மாவும் சின்னம்மாவும் முதலில் அழைத்தது மஸ்கட்டில் இருக்கும் என்னைத்தான். நான் வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. அடுத்து சிங்கப்பூரில் இருக்கும் தம்பியை எழுப்பினார்கள். அவன் பதற்றத்தில் அங்கிருந்தே 108-ஐ அழுத்திப் பார்த்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து அழைத்தால் அது தமிழ்நாட்டுக்குப் போகாது என்பது அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் 108-க்கு அழைத்தபோது, முதல் அழைப்பிலிருந்து இருபத்திரண்டு நிமிடங்கள் கழிந்திருந்தன. பிறகு அம்மாவின் போனை வாங்கி நானே எண்ணிப் பார்த்த கணக்கு இது.

அழைப்பை எடுத்தவர் எந்த வட்டம், எந்த ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று முறையாகத்தான் கேட்டிருக்கிறார். நம் பையன் சொன்னது, “வலசை, கடலோரம், பிள்ளையார் கோயில் பக்கம்.” நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ‘வலசை’ என்று பெயர் முடியும் ஊர்கள் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும், பிள்ளையார் இல்லாத வலசையும் இல்லை. வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி வேறொரு கிளைச் சாலையில் இறங்கி, மணலில் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே வந்திருக்கிறது. அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசை பாதிக்கப்பட்டுவிட்டது. கடற்கரை வரை நடந்தாலே இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது.

அதே இரவு, நாம் எல்லோரும் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த ஆம்புலன்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டகையில் நின்றிருந்தது. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. காலாவதியாகியிருந்தது, பேட்டரி இறங்கியிருந்தது, சம்பளம் வராமல் ஓட்டுநர் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். கொடியசைத்த படங்களை ஆசையோடு பகிர்ந்த நாம், ஓட்டுநருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சொன்ன அவசர உதவிக் குழுவில் கிராம சுகாதாரச் செவிலியர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இருவர், வள்ளம் வைத்திருப்பவர்களில் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் என எட்டுப் பேர் இருக்கிறார்கள். இவர்கள் மருத்துவம் பார்ப்பதில்லை. அழைப்புக்கும் வண்டிக்கும் இடையில் வீணாகும் நேரத்தைக் குறைப்பதுதான் இவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. ஒவ்வொரு தெருவிலும் மின்கம்பங்களுக்கு நீல நிறத்தில் எண் எழுதியிருக்கிறார்கள். 108-இல் சொல்ல வேண்டிய வாசகத்தை மாவட்டம், வட்டம், ஊர், கம்பத்தின் எண் என்ற வரிசையில் ஓர் அட்டையில் எழுதி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதை நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டியிருக்கிறார். இரவில் அழைப்பு போனதும், அன்று முறை வைத்துப் பொறுப்பில் இருக்கும் முறைக்காரர்களில் ஒருவர் டார்ச்சுடன் நெடுஞ்சாலை முக்குக்குப் போய் நிற்கிறார். மற்றொருவர் தெருவில் கிடக்கும் வலைகளையும் பைக்குகளையும் ஒதுக்கி வழி விடுகிறார். பணம் கொடுத்து இதை ஓமானிலிருந்து நாம் செய்துவிட முடியாது.

கடல் பக்கமும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை எல்லா வள்ளத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குத் திருக்கை குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை வைத்திருக்கவும், முள் ஆழமாகப் பாய்ந்திருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் செவிலியர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பனங்காட்டில் பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது, பச்சிலை தேடி நேரத்தைப் போக்கக் கூடாது என்பதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டோக்காரர்களுக்கு இருந்த பயம் வேறு. விபத்தில் அடிபட்டவரை ஏற்றினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் அது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது என்பதையும், 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதையும் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஸ்டாண்டில் ஒட்டிய பிறகுதான் இருவர் இரவு முறைக்குச் சம்மதித்தார்கள்.

நம் பழைய ஆம்புலன்ஸை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது 108-க்குப் போட்டியாக ஓட வேண்டாம். டயாலிசிஸுக்குப் போகிறவர்களையும், மதுரையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளையும் அது ஏற்றி இறக்கட்டும். இராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் சில சிகிச்சைகளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரை வரை போக வேண்டியிருப்பதால், அந்தப் பயணச் செலவுதான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. ஓட்டுநர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்.சி., ஆக்சிஜன் நிரப்புவது, முறைக்காரர்களின் போன் செலவு ஆகிய இவை மாதம் தவறாமல் வரும் செலவுகள். வீட்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் என்று முடிவு செய்து, கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இன்னொன்றை இன்றைக்கே செய்யுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு, அவசரம் என்றால் முதலில் 108-ஐ, அடுத்து குழுவின் எண்ணை, அதன் பிறகே நம்மை அழைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மா அப்பாவுக்கு இது மனவருத்தமாக இருக்கும். என் அம்மாவுக்கும் இருந்தது. பொறுமையாக எடுத்துச் சொல்லி, அட்டையைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அட்டை இன்னும் வந்து சேராத வீடுகளின் கம்பத்தின் எண்ணை எனக்கு அனுப்பினால், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுவதாகச் செவிலியர் சொல்லியிருக்கிறார்.