சொந்த ஒர்க்‌ஷாப்பில் டைனோ (வண்டிச் சக்கரத்தை ரோலர்மேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் மிஷின்) போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிங்காநல்லூர்க்காரன்
பைக் டைனோ, இனர்ஷியா வகை, கனமான ரோலரை வண்டி எவ்வளவு விரைவாகச் சுழற்றி வேகமேற்றுகிறது என்பதை வைத்தே சக்தியைக் கணக்கிடும். ரோலரே 300 கிலோ. ஷெட்டுக்குள் இறக்கிய பாடு கிடக்கட்டும், எனக்கு மறக்காதது முதல் ரன்தான். நாலாவது கியரில் முழு த்ராட்டில். 9000 ஆர்பிஎம் தாண்டும்போது பின் டயர் இடுக்கில் இருந்த பொடி ஜல்லி தெறித்துச் சுவரில் அடித்தது பாருங்கள், வேட்டுச் சத்தம்! பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. சற்று முன்புவரை தம்பி அங்கேதான் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆர்எக்ஸ்_பித்தன்
ஜல்லியாவது சுவரோடு போயிற்று. எனக்கு வாய்த்தவர் கஸ்டமர். ஆர்எக்ஸ் 100, ரோலரில் 8 சொச்சம் ஹெச்பி காட்டியது. "கம்பெனியே 11 போட்டிருக்கான், உன் மிஷின் 3-ஐத் தின்னுடுச்சா?" என்று பிரிண்ட்டை என் மேஜையில் அறைந்தார். அந்த 11 இன்ஜினின் கிராங்க் தண்டிலேயே எடுத்த கணக்கு, இது செயின், டயர் எல்லாம் தாண்டி வருவது என்றேன். காசு கொடுக்காமல் போய்விட்டார்.

வேளச்சேரி டியூனர்
நான் கார் டைனோவைக் குழி தோண்டிப் பதித்தவன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் குழி கிணறாகிவிட்டது, ரோலரைப் பிடிக்கும் பிரேக்கின் மின்காயில் முழுக்கத் தண்ணீருக்குள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இனர்ஷியாவில் ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்து மேப் (எரிபொருள், ஸ்பார்க் அட்டவணை) போட முடியாது, அதற்கு எடி கரண்ட் மாதிரி, ரோலரை மின்காந்தத்தால் இழுத்துப் பிடிக்கும் ஒரு பிரேக் இருந்தாக வேண்டும். பித்தன், நீங்கள் கரெக்‌ஷன் போட்டீர்களா? அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப நம்பரைத் திருத்துவதைச் சொல்கிறேன். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் கணக்கு 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்துக்கு. சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் எடுத்த நம்பரை மார்கழி நம்பரோடு அப்படியே ஒப்பிட்டால் சண்டைதான் வரும். அப்புறம், முன்னால் ஃபேன் வைத்தால் ரேடியேட்டருக்குத்தான் காற்று, உங்களுக்கு இல்லை. சைலன்சரில் ஹோஸ் மாட்டிப் புகையை வெளியே தள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வண்டியைக் கட்டியிருக்கும் ஸ்ட்ராப்பை ஒவ்வொரு ரன்னுக்கும் இழுத்துப் பாருங்கள், டயர் காற்றையும்...

ஆர்எக்ஸ்_பித்தன்
கரெக்‌ஷன் போட்டுத்தான் 8 வந்தது அண்ணே. ஆர்எக்ஸ் 100-இல் ஏது ரேடியேட்டர்?

திருப்பூர் வாசி
ஸ்ட்ராப்பை இழுத்தால் போதுமா, தரை தாங்க வேண்டாமா? எங்களுடையது வாடகை ஷெட். மிஷினைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுக்கு ட்ரில் போட்டால், நான்கு அங்குலம்கூடப் போகவில்லை, பிட் சட்டென்று உள்ளே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நுனியில் செம்மண். அதன்மேல்தான் அரை டன் மிஷினை நிறுத்த இருந்தோம். அந்த இடத்தை உடைத்துக் கம்பி கட்டி எட்டு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டோம். ஓனர் வந்து மிதித்துப் பார்த்தார், "நல்லாருக்கே" என்றார், அடுத்த மாதம் வாடகையை ஏற்றிவிட்டார்.