பிரான்ஸ் புளூரே இங்கே ஓடவில்லை: 4கே பிளேயருக்கு மாறலாமா?

முத்தியால்பேட்டை:
வணக்கம். பாரிஸில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் ஏழெட்டுப் படம் கொண்டுவருவார். இதுவரை எல்லாம் டிவிடி. என் பழைய பிளேயர் எதைப் போட்டாலும் ஓட்டிவிடும். 43 அங்குல 4கே டிவி வந்த பிறகு டிவிடி படம் கலங்கலாகத் தெரிகிறதே என்று இங்கேயே ஒரு கடையில், டிவிடியைவிடத் தெளிவான புளூரே டிஸ்க்கை ஓட்டும் பிளேயர் வாங்கினேன். போன ஆகஸ்டில் சித்தப்பாவும் புளூரேவாகவே கொண்டுவந்தார். ஆறில் இரண்டுதான் ஓடுகிறது. மற்ற நான்கும் உள்ளே போய்ச் சுற்றுகின்றன, திரையில் ஒரு வரி எச்சரிக்கை வருகிறது, அவ்வளவுதான். லென்ஸ் துடைத்தாயிற்று. கடைக்காரர் டிஸ்க் டூப்ளிகேட் என்கிறார். சித்தப்பா காதில் விழுந்தால் வீட்டில் ரகளைதான். பேசாமல் 4கே பிளேயர் வாங்கிவிடவா?

லாஸ்பேட்டை:
அவசரப்படாதீர்கள் சார். உறையின் பின்பக்கம் அறுகோணத்துக்குள் என்ன எழுத்து இருக்கிறது?

முத்தியால்பேட்டை:
ஓடாத நான்கிலும் 'பி'. ஓடுகிற ஒன்றில் ஏ, பி, சி மூன்றும் இருக்கின்றன. இன்னொன்றில் எதுவுமே இல்லை.

லாஸ்பேட்டை:
அதேதான். புளூரேவில் உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிரான்ஸ் பி, இந்தியா சி. ஒரு பகுதிக்கு மட்டும் என்று பூட்டிய டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாது. டிவிடியிலும் இந்தப் பூட்டு உண்டு, அவர்களுக்கு 2, நமக்கு 5. உங்கள் பழைய பிளேயர் அதைக் கண்டுகொள்ளாத ரகம், அதனால்தான் தெரியவில்லை. இங்கே 4கே பிளேயர் வாங்கினாலும் அந்த நான்கும் ஓடாது; புளூரே டிஸ்க் போட்டால் அதுவும் 'சி'தான் கேட்கும். ஆனால் 4கே டிஸ்க்குக்குப் பகுதிப் பூட்டே கிடையாது. சித்தப்பா இனி அதை வாங்கினால் பிரச்சினை இல்லை. அதை உங்கள் புளூரே பிளேயர் படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். டிவிடியில் ஒரு காட்சிக்கு நாலு லட்சம் புள்ளிதான். புளூரேவில் 20 லட்சத்துக்கு மேல், 4கேயில் 83 லட்சம் போல. முதல் தாவல் கண்ணில் அறையும். இரண்டாவது, 43 அங்குலத்தைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. வெளிச்சமும் நிறமும் கூடுவதுதான் லாபம், அதற்கும் டிவி நல்லதாக இருக்கவேண்டும். என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். ஒரே டிஸ்க்கில் மூன்று படத்தை அமுக்கிய நம்மூர் டிவிடிகளை எந்த பிளேயரும் தேற்றாது. பழைய பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2011 தானே புயலில் என் வீட்டு டிஸ்க்குகள் உறையோடு நனைந்தன. கழுவிக் காயவைத்த பிறகும் என் ஓட்டை டிவிடி பிளேயர் பாதியை ஓட்டியது.

லாஸ்பேட்டை:
அண்ணன் சொல்வது சரி. செலவில்லாத வழி ஒன்று: சித்தப்பா வீட்டில் சும்மா கிடக்கும் புளூரே பிளேயர் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ ஒயரும் ஒன்றேதான். பிளக் மட்டும் நம் சாக்கெட்டில் கொஞ்சம் ஆடும், ஒரு அடாப்டர் போதும்.

முத்தியால்பேட்டை:
நேற்று போனில் கேட்டேன். பரணில் ஒன்று இருக்கிறதாம், மாசி மகத்துக்கு வரும்போது பெட்டியில் வைத்துவிடுகிறேன் என்றார். டூப்ளிகேட் கதையை மட்டும் நான் சொல்லவில்லை.