கர்ப்பிணிகளின் ரத்தசோகை: ஆய்வு புரோட்டோகாலில் 384 பேர் போதுமா?

கேள்வி (எம்.டி. சமூக மருத்துவம், முதலாண்டு):
ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செக்கப் வரும் கர்ப்பிணிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதற்கு என்ன காரணம் என்பது தலைப்பு. எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் முன் இரண்டு சந்தேகம். சாம்பிள் சைஸ் 384 போதுமா? விரல்நுனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கலாமா?

பதில் 1:
384 எப்படி வந்தது என்பதைப் புரோட்டோகாலிலேயே (எழுத்தில் தரும் ஆய்வுத் திட்டத்திலேயே) காட்டுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வு-5இல் (2019-21) இந்திய அளவில் கர்ப்பிணிகளில் 52.2% பேருக்கு ரத்தசோகை. அதை 52 என்று வைத்து, பிழை வரம்பு ±5 சதவீதப் புள்ளி என்றால்: 1.96 × 1.96 × 52 × 48 ÷ 25 = 383.5 (1.96 என்பது 95% நம்பகத்துக்கான எண், 48 என்பது 100 − 52, 25 என்பது 5 × 5). ஆக 384. அதே பிழை வரம்பை 52இல் 10%, அதாவது 5.2 என்று எடுத்தால் 355 பேர்தான் வரும். எதை எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் முதல் கேள்வியே அதுதான்.

10% பேர் விடுபடுவார்கள் என்றால் 384ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 427. பலரும் 1.1ஆல் பெருக்கி 423 என்று போடுகிறார்கள். அதில் 10% போனால் 381தான் மிஞ்சும்.

"காரணம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் ரத்தமும் எடுத்து, இரும்புச்சத்து மாத்திரை பற்றியும் கேட்டால் எது முந்தியது என்று தெரியாது. ரத்தம் குறைவு என்று சொல்லப்பட்டவர்தான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார். கணக்கில் மாத்திரையே ரத்தசோகையைக் கொண்டுவருவதுபோல் தெரியும். "தொடர்புடைய காரணிகள்" என்று போடுங்கள். அதற்கான சாம்பிள் சைஸ் தனிக் கணக்கு.

பதில் 2:
முடிந்தவரை ரத்தத்தைக் கை நரம்பில் (சிரையில்) எடுத்து, இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாய்) போட்டு, ஆட்டோ அனலைசரில் (தானியங்கி ரத்தப் பரிசோதனைக் கருவி) பாருங்கள். 2024 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. விரலில் குத்துவதைத் தவிர வழியில்லை என்றால், முதல் துளிகளைத் துடைத்துவிட்டு, விரலைப் பிதுக்காமல் தானாக வரும் துளியை எடுக்க வேண்டும். பிதுக்கினால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு வேறு முறை என்பது மட்டும் கூடவே கூடாது.

அதே வழிகாட்டுதலில் இரண்டாம் டிரைமெஸ்டருக்கு (கர்ப்பத்தின் நடு மூன்று மாதம்) ரத்தசோகை வரம்பு டெசிலிட்டருக்கு 10.5 கிராம் ஹீமோகுளோபின், முதலிலும் மூன்றிலும் 11. குடும்ப நல ஆய்வு எல்லாருக்கும் 11தான் வைத்தது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டு வரம்பிலும் முடிவு தருவதாக இப்போதே எழுதுங்கள். டேட்டா பார்த்த பிறகு வரம்பை மாற்றினால் அது வேறு ஆய்வு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 427 பேரையும் ஒரே நிலையத்தில் எடுக்கலாமா?

பதில் 3:
எடுக்கலாம், ஆனால் முடிவு அந்த நிலையத்துக்கு மட்டும்தான். நிலையங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தால் டிசைன் எஃபெக்ட் (ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கையைக் கூட்டும் பெருக்கு எண்) சேர்க்க வேண்டும், அது 1.5 என்றால் 384 × 1.5 ÷ 0.9 = 640.

ஒரே பெண் மறுமாதமும் வருவார். பிக்மி எண்ணை (தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குத் தரும் பதிவு எண்) வைத்து இரட்டைப் பதிவைத் தடுங்கள். அந்த எண் தனிப் பதிவேட்டில் இருக்கட்டும், டேட்டா ஷீட்டில் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். 7 கிராமுக்குக் கீழே வந்தால் அன்றே யாரிடம் சொல்வீர்கள், எங்கே அனுப்புவீர்கள் என்று ஒரு பத்தி அவசியம் எழுதுங்கள்.